மாத்திரை கேட்டாள் துஷ்யந்தி!

"ஆ...ஆ...ஆ!"

மேனாம்பேட்டில் இருந்த அந்த மகளிர் விடுதியின் மூன்றாவது மாடியிலிருந்து கிளம்பிய அலறலில் எதிர்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது.

அலறியவள் பெனிஷா. ஐ.டி. கம்பெனியில் வேலை. ஒரு வாரம் லீவு போட்டு திருநெல்வேலி போய்விட்டு, காலை ஏழு மணிக்குத்தான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தாள். பை இன்னும் தோளில் தொங்கியது.

உடைக்கப்பட்ட குளியலறைக் கதவுக்கு அந்தப்புறம்... ஈரத் தரையில்... துஷ்யந்தி!

பெனிஷாவின் அறைத்தோழி. வவுனியாவிலிருந்து அம்பத்தூருக்கு அனிமேஷன் படிக்க வந்தவள். இருபத்து மூன்று வயது.

உதடுகளில் ரத்தமே இல்லை. சுண்ணாம்பு நிறம்!

"செத்துட்டாளா? ஐயோ... என் ஹாஸ்டல் பேரு போச்சே!" வார்டன் நாகம்மாள் தலையில் அடித்துக்கொண்டே போனை எடுத்தாள்.

போலீஸ் ஜீப் வர இருபது நிமிஷம்.

இன்ஸ்பெக்டர் ஜெயகுமாரி இறங்கினாள். நாற்பத்தைந்து வயது. சிரிப்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருகிற முகம். பின்னால் ஹெட் கான்ஸ்டபிள் பால்ராஜ்.

"லேடீஸ் ஹாஸ்டலு மேடம். நா கீயவே நிக்கறேன்."

"நல்லது. நில்லு."

ஜெயகுமாரி மாடிப்படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டினாள். குளியலறையில் மண்டியிட்டாள். துஷ்யந்தியின் கழுத்தில் விரலை வைத்தாள்.

ஒரு நொடி... இரண்டு நொடி...

மெல்லியதாய் ஒரு துடிப்பு!

"உயிர் இருக்கு! ஆம்புலன்ஸ் எங்க?"

நாகம்மாள் கையைப் பிசைந்தாள். "இல்ல மேடம்... போலீஸ் மொதல்ல பாக்கட்டும்னு..."

"கூப்பிடவே இல்லையா?!"

"போலீஸ் கேசாச்சே மேடம்... அதுவும் வெளிநாட்டுப் பொண்ணு..."

"வெளிநாட்டுப் பொண்ணுன்னா அவளுக்கு ரத்தம் வராதா? உயிர் போகாதா? தள்ளுங்க!"

போர்வையை விரித்து ஜெயகுமாரியும் பெனிஷாவும் இன்னும் இரண்டு பெண்களுமாகத் தூக்கினார்கள். வாசலில் பால்ராஜ் ஜீப்பின் பின்கதவைத் திறந்தான்.

"மூச்சு கீதா மேடம்?"

"இருக்கு."

"கர்த்தரே!" என்றான் பால்ராஜ். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

ஜீப் பறந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரேஷ்மா ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வரும்போது மணி பத்தரை. கையுறையைக் கழற்றிய வேகத்தில் கோபம் தெரிந்தது.

"பொழைச்சுட்டா. இன்னும் அரை மணி நேரம் லேட்டாயிருந்தா நீங்க மார்ச்சுவரியில விசாரிச்சிருப்பீங்க."

"என்ன ஆச்சு டாக்டர்?"

"கர்ப்பம். ஆனா கரு கர்ப்பப்பையில இல்ல. குழாய்ல வளர்ந்திருக்கு. அது தெரியாம எவனோ கருக்கலைப்பு மாத்திரை குடுத்திருக்கான். அந்த மாத்திரையால இந்தக் கருவை ஒண்ணும் பண்ண முடியாது. குழாய் வெடிச்சு வயிறு பூரா ரத்தம். ஒரே ஒரு ஸ்கேன்... ஒரே ஒரு ஸ்கேன் பார்த்திருந்தா இது நடந்திருக்காது மேடம்!"

பெனிஷா கைப்பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினாள். கசங்கிய காகித உறை.

"அவ பாய்க்கு அடியில இருந்துச்சு மேடம்."

அட்டையிலிருந்து பிரித்தெடுத்த உதிரி மாத்திரைகளைப் போட்டுக் கொடுக்கிற உறை. கடைப் பெயர் இல்லை. பேட்ச் நம்பர் இல்லை. பால் பாயின்ட் பேனாவில் மாத்திரை எண்ணிக்கை '5' என்று மட்டும் எழுதியிருந்தது.

"உனக்கு என்ன தெரியும்? எல்லாத்தையும் சொல்லு."

பெனிஷா கண்ணைத் துடைத்தாள்.

"ஏழு வாரம் முன்னாடி அவசரக் கருத்தடை மாத்திரை வேணும்னா. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள போட்டுக்கணும். நான்தான் கூட்டிட்டுப் போனேன். அம்பத்தூர்ல மூணு கடை. ஆவடியில ரெண்டு. எங்கயும் இல்ல. ஒருத்தர் சிரிச்சாரு. ஒருத்தர் எங்க அப்பா நம்பர் கேட்டாரு. ஒரு க்ளினிக்ல புருஷனைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. கடைசியா எங்க தெரு மெடிக்கல் கங்காதரன்... கடை நிறைய ஆள் இருக்கும்போது, 'கல்யாணம் ஆகாத பொண்ணுங்க கேக்கற பொருளாம்மா இது?'ன்னு கத்தினாரு. துஷி அழுதுட்டே வந்துட்டா மேடம்."

"சரி."

"அந்தப் பையன் யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

"அவன் மாத்திரை வித்தானா?"

"இல்ல."

"அப்ப எனக்கு எதுக்கு அவன்? ஜீப்ல ஏறு!"

கங்காதரனின் மருந்துக் கடை. சாமி படத்துக்கு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"வாங்க மேடம்! மோர் சாப்பிடறீங்களா?"

"இந்தப் பொண்ணு ஞாபகம் இருக்கா?"

கங்காதரன் பெனிஷாவைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "தினம் நூறு பேர் வர்றாங்க..."

"பொய்!" பெனிஷா சீறினாள். "கடையே திரும்பிப் பார்க்கற மாதிரி கத்தினீங்களே!"

"ஓ... அந்த விஷயமா? அந்த மாதிரி மாத்திரை எல்லாம் நான் வைக்கறதில்ல மேடம். குடும்பத்துக்காரங்க வர்ற கடை."

"விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"சட்டம் இல்ல... ஆனா ஒழுக்கம்னு ஒண்ணு இருக்கே? நம்ம கலாசாரம்..."

ஜெயகுமாரி கவுன்டரின் மேல் விரலால் தட்டினாள். அங்கே கண்ணாடி டப்பாவில் ஆணுறைகள். ஸ்ட்ராபெர்ரி, சாக்லேட், காபி.

"இது எந்தக் கலாசாரம் கங்காதரன்? ஆம்பளை கேட்டா ப்ளேவர் கேட்டுக் குடுப்பீங்க! பொம்பளை கேட்டா ஒழுக்கம் கேப்பீங்களா?"

கங்காதரன் டப்பாவைக் கவுன்டருக்கு அடியில் தள்ளினார்.

"கருக்கலைப்பு மாத்திரை?"

"ஐயையோ! டாக்டர் சீட்டு இல்லாம தொடக்கூட மாட்டேன்!"

"பால்ராஜ்! பின்னாடி ரூமைப் பாரு!"

பால்ராஜ் உள்ளே போனான். அட்டைப் பெட்டிகள் உருளும் சத்தம். பத்து நிமிஷம் கழித்து, தூசியைத் தட்டிக்கொண்டே வந்தான்.

"இன்னாவும் இல்ல மேடம். சுத்தமா கீது."

ஜெயகுமாரி பல்லைக் கடித்தாள். பஜாரில் எத்தனையோ மருந்துக் கடைகள். எந்தக் கடையின் காகித உறை இது? எவன் கொடுத்தான்?

பதில் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் ஐ.சி.யூ.வில் மயக்கத்தில் இருந்தாள்.

பிற்பகல் மூன்று மணி.

ஜெயகுமாரியின் செல்போன் ஒலித்தது. டாக்டர் ரேஷ்மா.

"கண்ணு முழிச்சுட்டா. அஞ்சு நிமிஷம் தர்றேன். ஒரே ஒருத்தர் மட்டும்!"

ஸ்டேட்மென்ட் எழுத நோட்டும் பேனாவுமாக முன்னால் நடந்த பால்ராஜை வாசலிலேயே டாக்டர் மறித்தாள். ஜெயகுமாரி மட்டும் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

ஐந்து நிமிஷம்.

பத்து நிமிஷம்.

உள்ளே திடீரென்று காலடிச் சத்தம். நர்ஸ் ஓடினாள். டாக்டர் ஓடினாள். கண்ணாடிக்குப் பின்னால் பச்சைத் திரை சரேலென்று இழுக்கப்பட்டது.

ஜெயகுமாரி வெளியே வந்தாள். தொப்பியைக் கழற்றினாள்.

"போயிட்டா பால்ராஜ்."

"ஐயோ மேடம்! எதுனா சொல்லிச்சா?"

"வாயைத் திறந்தா... அதுக்குள்ள முடிஞ்சுது."

பால்ராஜ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"மேடம்... பேஜாரான கேஸு. தானா வாங்கித் துன்னுச்சுன்னு எய்தி முட்ச்சிடலாமா?"

"முடிக்கலாம். ஒரு சிக்கல் இருக்கு. பாடியை அவங்க நாட்டுக்கு அனுப்பணும். பாஸ்போர்ட்டைக் காணோம். அது இல்லேன்னா தூதரகத்துலேருந்து கேள்வி வரும். மேலிடத்துலேருந்து தனிப்படை வரும். ஹாஸ்டல், கடை, நம்ம ஸ்டேஷன்... எல்லாத்தையும் நோண்டுவாங்க. அது மட்டும் கிடைச்சா இன்னிக்கே ஃபைலை மூடிடலாம்."

"ஹாஸ்டல்லதான் எங்கனா இர்க்கும். நா போய்ப் பாக்கறேன் மேடம்!"

"எனக்கும் நாலு இடத்துக்குப் போன் பண்ண வேண்டியிருக்கு. அஞ்சு மணிக்கு இங்கேயே வா."

ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. பால்ராஜ் மூச்சு வாங்க ஓடி வந்தான். முகமெல்லாம் வெளிச்சம்.

"கெட்ச்சிருச்சு மேடம்!"

நீட்டினான். துஷ்யந்தியின் பாஸ்போர்ட்!

"சபாஷ்! எங்க இருந்துச்சு?"

"அந்தப் பொண்ணு ரூம்லதான் மேடம். கட்டிலுக்கு அடியில, செவுத்தோரமா உயுந்து கெடந்துச்சு."

ஜெயகுமாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். போட்டோவில் துஷ்யந்தி சிரிக்காமல் பார்த்தாள்.

"பால்ராஜ்."

"மேடம்?"

"அந்த ரூம்ல கட்டிலே கிடையாதுடா!"

பளார்!

ஆஸ்பத்திரி காரிடாரே திரும்பிப் பார்த்தது. பால்ராஜின் தொப்பி மூன்று நாற்காலிகள் தாண்டி விழுந்தது.

"ரெண்டு பொண்ணுங்களும் தரையில பாய் போட்டுப் படுக்கறவங்க! நீதான் மாடி ஏறவே இல்லையே, உனக்கு எப்படித் தெரியும்? இப்பவும் நீ ஹாஸ்டலுக்குப் போகல. நேரா கங்காதரன் கடைக்குப் போனே! உன் பின்னாடியே ரெண்டு பேரை மஃப்டியில அனுப்பியிருந்தேன். நீ பாஸ்போர்ட்டோட வெளிய வந்ததும் அவங்க உள்ள போனாங்க. பின்னாடி ரூம்ல சீலிங்குக்கு மேல ஒரு மூட்டை மாத்திரை. அதுக்குள்ள அந்தப் பொண்ணோட கழுத்துச் செயின்! காலைல நீ 'சுத்தமா கீது'ன்னு சொன்ன அதே ரூம்!"

"மேடம்... செத்தவ செயினக் காட்டி என் மேல பழியப் போட அந்தக் கங்காதரன் எதுனா..."

"செத்தவளா? யாரு?"

ஜெயகுமாரி ஐ.சி.யூ. கதவைத் தள்ளினாள். டாக்டர் ரேஷ்மா பச்சைத் திரையை விலக்கினாள்.

தலையணையில் சாய்ந்தபடி... இரண்டு கண்களும் திறந்து... துஷ்யந்தி!

பால்ராஜ் வாசல் பக்கம் திரும்பினான்.

"நான் சொன்ன ஆள் இவர்தான்," என்றாள் துஷ்யந்தி. குரல் நூலாக வந்தது. ஆனால் நடுங்கவில்லை. "திரும்பவும் அந்தக் கடைக்குப் போனனான் மேடம். மாதம் தள்ளிப் போச்சு எண்டு சொன்னன். வெளிநாட்டு ஆக்கள் பதிய வேணும், பாஸ்போர்ட்டைக் கொண்டு வா எண்டு சொல்லிச்சினம். கொண்டு போனா... உள்ளுக்க இருந்து இவர் யூனிஃபோமோட வாறார்."

"என்ன சொன்னான்?"

"எங்கட நாட்டில அந்த அவசர மாத்திரையை பாமசியில கேட்டா தருவினம் மேடம். ஆனா கலைக்கிறது குற்றம். மறியலுக்குப் போகோணும். இஞ்சயும் அப்பிடித்தான், பத்து வருஷம் ஜெயில் எண்டு இவர் சொன்னவர். பொலிஸ்காரர் சொன்னா நான் எப்பிடி நம்பாமல் விடுறது? பாஸ்போர்ட்டையும் செயினையும் வாங்கிக்கொண்டு மாத்திரையைத் தந்தவர். ரெண்டு நாள் வயித்து நோ தாங்க ஏலாமல் கடைக்குப் போன் எடுத்தனான். இவர்தான் கதைச்சவர். ஆஸ்பத்திரிக்குப் போனியெண்டா விலங்கோடதான் வெளிய வருவாய் எண்டவர்..."

டாக்டர் ரேஷ்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெயகுமாரி பால்ராஜின் காலரைப் பற்றித் தூக்கினாள்.

"இந்த ஊர்ல கல்யாணம் ஆனவளோ ஆகாதவளோ, அவளா டாக்டர்கிட்ட போய்க் கேட்டா சட்டத்துல இடம் இருக்கு. எவன் கையெழுத்தும் வேணாம். அது உனக்குத் தெரியும்! தெரிஞ்சே பொய் சொன்னே! கடையில அவன் ஒரு மாத்திரை இல்லேன்னு விரட்டுவான்... வேற வழியில்லாம அவ திரும்பி வந்தா, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இன்னொரு மாத்திரை விப்பீங்க. எத்தனை பொண்ணுங்கடா?"

"மேடம்..."

"எத்தனை பேரு?!"

"பத்து... பன்னண்டு இருக்கும் மேடம். நேபாளத்துப் பொண்ணுங்க... வடக்கே இருந்து வந்து கம்பெனில வேல செய்யறதுங்க..."

"கம்ப்ளெயின்ட் குடுக்க நாதி இல்லாதவங்களா பாத்துப் பாத்து!"

"மன்ச்சிடுங்க மேடம்... இருவத்திரண்டு வருசம் சர்வீஸு... பொண்ணுக்கு வரன் பாத்துகினு கீறேன்... வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். நமக்குள்ளயே பேசி முட்ச்சிக்கலாம்..."

"பன்னண்டு பேரையும் தேடிப் பிடிக்கப் போறேன். ஒவ்வொருத்தியும் கோர்ட்ல வந்து பேசுவா. அப்ப பேசி முடிச்சுக்கோ!"

விலங்கு பூட்டும் சத்தம். பெண் கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர் பால்ராஜை இழுத்துக்கொண்டு போனார்கள். மாடிப்படியில் ரத்தம் கொடுத்துவிட்டு ஏறி வந்துகொண்டிருந்த பெனிஷா, எதிரே வந்தவனையும் விலங்கையும் பார்த்தாள். ஒரு வினாடியில் புரிந்துகொண்டாள். கையிலிருந்த ஜூஸை அப்படியே அவன் முகத்தில் ஊற்றிவிட்டு மேலே ஏறினாள்.

கான்ஸ்டபிள்கள் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஜெயகுமாரி கட்டிலருகே திரும்பி வந்தாள். பாஸ்போர்ட்டைத் துஷ்யந்தியிடம் காட்டினாள்.

"சாட்சிக்கு இது இப்ப என்கிட்ட இருக்கணும். நான் ரசீது எழுதித் தர்றேன். சீக்கிரமே கையில வந்துடும்."

துஷ்யந்தி அவளையே பார்த்தாள். கண்ணோரத்தில் நீர்.

"மேடம்... இனி என்னை நாட்டை விட்டு அனுப்பிப் போடுவினமோ?"

"உன்னையா? எதுக்கு? நீ படிச்சு முடி." ஜெயகுமாரி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "நான் அனுப்பப் போறது வேற ரெண்டு பேரை. புழல் ஜெயிலுக்கு! அங்க போக விசாவே வேணாம்... திரும்பி வர்றதுதான் ரொம்பக் கஷ்டம்!"