கோட்டுக்கு வெளியே சிவப்பு

சுபோதினிக்குக் கோடு, ரிஸ்னாவுக்கு நிறம். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்துச் சஞ்சிகையின் அட்டைப்படத்தை டீச்சர் அப்படித்தான் பிரித்துக் கொடுத்திருந்தார். நாளைக் காலை படம் அவர் கையில் இருக்க வேண்டும்.

சுபோதினியின் வீட்டு மேசையில் வேலை நடந்தது. வெள்ளவத்தைக் கடலோரம் ஓடும் ரயிலை அவள் கறுப்புப் பேனையால் கீறி முடித்தாள். ஜன்னல், சக்கரம், வாசலில் தொங்கும் ஆட்கள் எல்லாம் வந்துவிட்டன. மூலையில் அப்பாவின் பேனையால் இருவர் பெயரையும் எழுதினாள்.

ரிஸ்னா தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து, சிவப்பைத் தொட்டு ரயிலில் வைத்தாள்.

கறுப்புக் கோடு கரைந்து ஓடியது. ரயில் சேற்று நிறமானது.

“என்ன செய்தனி!” சுபோதினி கத்திவிட்டாள்.

“மெதுவாத்தானே பூசின...” ரிஸ்னாவின் கண் கலங்கியது. “நான் வீட்ட போறன். நீயே எல்லாத்தையும் செய்.”

அவள் பையை எடுத்தபோது சுபோதினி மூலையைப் பார்த்தாள். அங்கேயும் தண்ணீர் தெறித்திருந்தது. ஆனால் பெயர்கள் அப்படியே இருந்தன.

“ரிஸ்னா, பொறு! பிழை உன்னில இல்லை. என்ர பேனையிலதான். நான் சும்மா கத்திப்போட்டன்.”

ரிஸ்னா மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள். “எப்படித் தெரியும்?”

“வா, பாப்பம்.”

வீட்டிலிருந்த பேனைகளையெல்லாம் பொறுக்கி, பழைய கொப்பியில் ஒவ்வொன்றாலும் ஒரு கோடு கீறினார்கள். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்கள். ஒன்று சாம்பலானது. இன்னொன்று விரிந்து விரிந்து ஊதாவும் நீலமுமாகப் பிரிந்தது.

“அல்லாவே! கறுப்புக்குள்ள இவ்வளவு நிறம் ஈக்குதா?”

அப்பாவின் பேனை மட்டும் கரையவில்லை. ஆனால் அதன் கோடு தலைமயிர் போல மெலிந்திருந்தது. ரயிலுக்குப் போதாது.

சுபோதினி யோசித்தாள். “முதல்ல நீ பூசினா என்ன? காய்ஞ்ச பிறகு நான் கீறுறன்.”

“கோடில்லாம எங்க பூசுற?”

“ட்ரெயின் எங்க ஓடுமெண்டு நினைக்கிறியோ, அங்க.”

புதிய தாளில் ரிஸ்னா ஒரே இழுப்பாகச் சிவப்பை இழுத்தாள். மின்விசிறிக்குக் கீழே வைத்துக் காயவிட்டார்கள். பிறகு சுபோதினி கீறத் தொடங்கினாள். சிவப்பு கோட்டுக்குள் அடங்கவில்லை. கடைசிப் பெட்டிக்குப் பின்னால் வால் போல நீண்டு கிடந்தது.

“வெளிய போயிட்டுதே,” என்றாள் ரிஸ்னா பயத்துடன்.

சுபோதினி தாளைத் தூக்கித் தூரத்தில் பிடித்தாள். அவள் கண்கள் விரிந்தன.

“இல்லை ரிஸ்னா, பார்! ட்ரெயின் ஓடுது!”

மறுநாள் டீச்சர் படத்தை நெடுநேரம் பார்த்தார். “பிள்ளையள், இது இவ்வளவு வேகமா எங்க போகுது?”

“பாணந்துறைக்கு!” என்றாள் ரிஸ்னா.

“கோட்டைக்கு!” என்றாள் சுபோதினி அதே நேரம்.

அந்த ரயில் தெற்கே போகிறதா, வடக்கே போகிறதா என்று இடைவேளை முடியும்வரை வகுப்பே வாதாடியது.