வகை: நாய், நிறம்: கறுப்பு

ராஜாத்தி வீட்டில் நாய் கிடையாது. பூனை கிடையாது. மகள் தர்ஷினி ஒரு வருடமாக நச்சரித்தும் ஒரு கோழிக்குஞ்சுகூட வாங்கித் தரவில்லை. அப்படியிருக்க, கார்த்திகை பிறந்த வாரத்தில் ஒரு மத்தியானம், அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில், 'உங்கள் செல்லப்பிராணி வேதாரண்யத்தில் கண்டறியப்பட்டது' என்று செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. கீழே பதினைந்து இலக்கத்தில் ஒரு எண்.

வேறு யாராக இருந்தாலும் எவனோ ஏமாற்றுக்காரன் என்று அழித்துவிட்டுச் சாப்பிட்டிருப்பார்கள். ராஜாத்தியால் முடியவில்லை. அந்த எண் அவளுக்கு மனப்பாடம். அவள் கையாலேயே ஊசியில் ஏற்றி, புருஷனின் பிடரியில் போட்ட எண் அது.

குத்தாலத்தில் குணசேகரன் டாக்டரின் பிராணி ஆஸ்பத்திரியில் அவள் உதவியாள். நாயைப் பிடித்துக்கொள்வது, மேசையைத் துடைப்பது, சிப் போடுவது எல்லாம் அவள் வேலை. சிப் என்பது அரிசி மணி அளவுதான். பிடரித் தோலுக்கு அடியில் போட்டுவிட்டு, சொந்தக்காரர் பெயரையும் விலாசத்தையும் போன் நம்பரையும் கம்ப்யூட்டர் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். நாய் காணாமல்போய் வேறு ஊரில் அகப்பட்டால், அங்கிருப்பவர்கள் ரீடர் என்ற கை மெஷினைப் பிடரியருகே கொண்டுபோவார்கள். அது பீப் என்று கத்தி எண்ணைக் காட்டும். எண் வீட்டைக் காட்டும். நாலு விரற்கடைக்கு மேல் தள்ளிப் பிடித்தால் ரீடருக்கு ஒன்றும் தெரியாது.

டாக்டரின் ஆஸ்பத்திரி முன்பு வேதாரண்யத்தில் இருந்தது. ராஜாத்தியும் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள், கடலுக்குப் போகிற வீரையனுக்கு. வீரையனின் அப்பா கடலில் போனபோது உடம்பு பதினோராம் நாள்தான் கரை ஒதுங்கியது. மீன் தின்றது போக மிச்சம். எங்களுடையது என்று இரண்டு குடும்பங்கள் வந்து நின்றன. அரைஞாண் கயிற்றின் முடிச்சைப் பார்த்து இவர்களிடம் கொடுத்தார்கள். தான் கொள்ளி வைத்தது அப்பாவுக்குத்தானா என்ற சந்தேகம் வீரையனை விட்டுப் போகவே இல்லை.

அதனால்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. புத்தி கெட்ட யோசனை. ஆனால் கடற்கரையில் வாக்கப்பட்டு, ஒவ்வொரு புயல் செய்திக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவர்கள் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். டாக்டர் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீரையனை ஸ்டீல் மேசைமேல் குப்புறப் படுக்கவைத்துப் பிடரியில் ஊசியை இறக்கினாள்.

"நாய்க்குப் போடுறத எனக்குப் போடுறியேடி" என்று சிரித்தான் அவன்.

"நீ எங்க ஒதுங்கினாலும் எங்கிட்ட கொண்டாந்து சேத்துருவாங்கல்ல."

பதிவேட்டில் வகை என்று கேட்ட இடத்தில் நாய், பூனை என்று இரண்டுதான் இருந்தன. நாய் என்று போட்டாள். பால், ஆண். நிறம், கறுப்பு. பார்த்துக்கொண்டிருந்த வீரையன் மேசையிலிருந்து இறங்கி, நாலு காலில் நின்று, அவள் முழங்காலில் தலையால் முட்டி ஒரு தடவை குரைத்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

போன வருடம் ஆவணியில் மூன்று பேராகப் போன படகில் இரண்டு பேர் திரும்பினார்கள். வீரையன் திரும்பவில்லை. மாவில் உருவம் பிடித்துக் கருமாதியை முடித்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். உடம்பைப் பார்க்காமல் தாலியை இறக்க மாட்டேன் என்று ராஜாத்தி ஒரே பிடியாக நின்றாள். டாக்டர் ஆஸ்பத்திரியைக் குத்தாலத்துக்கு மாற்றியபோது, மகளைக் கூட்டிக்கொண்டு அவளும் வந்துவிட்டாள். வயல் ஓரமாக ஒரு வாடகை வீடு. கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் நடவு முடிந்த சம்பா. கடல் வாசனையே படாத ஊர். அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

போன வாரம் பழைய பதிவுகளைச் சரிபார்த்தபோது வீரையனின் பதிவும் வந்தது. உடம்பு கிடைத்தால் தகவல் இங்கேதானே வர வேண்டும்? வேதாரண்யம் விலாசத்தை அழித்துவிட்டுக் குத்தாலம் விலாசத்தைப் போட்டாள். அது நடந்து மூன்றாம் நாள்தான் இந்தச் செய்தி.

சாப்பாட்டை அப்படியே மூடிவிட்டு வேதாரண்யம் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பயம் இல்லை. கிடைத்துவிட்டான் என்ற ஆசைதான். அங்கே தெருநாய்களுக்கு ஊசி போடும் முகாம் நடந்துகொண்டிருந்தது. உடம்பு எதுவும் ஒதுங்கவில்லை, மெஷின் ஏதோ உளறியிருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி அவள் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அடுத்தது வந்தது. திருத்துறைப்பூண்டி.

தர்ஷினி இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிப்பதில் புதுப் பவுசு. போனைப் பிடுங்கிச் செய்தியை முழுக்கப் படித்துவிட்டு, "நம்ம நாய் வருதாம்மா?" என்றாள். இல்லை என்று ராஜாத்தி சொன்னதைப் பிள்ளை காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து தன் தட்டில் ஒரு பிடி சோற்றை மிச்சம் பிடித்து, கொல்லைக் கதவுக்கு வெளியே தட்டோடு வைக்க ஆரம்பித்தாள். வயலெலியும் காக்காயும் தின்றுவிட்டுப் போகட்டும் என்று ராஜாத்தியும் விட்டுவிட்டாள்.

அடுத்தது திருவாரூர். இந்தத் தடவை செய்தியோடு ஆளே போன் பண்ணினான். அங்கே நாய் ஊசி முகாமில் வேலை பார்க்கிற யூனுஸ் என்றான். சின்ன வயதுக் குரல். அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல அடக்கிப் பேசினான்.

"அக்கா, உங்க நாய நான் பாக்கலக்கா. அதச் சொல்லத்தான் கூப்புட்டேன்."

"அப்பறம் எப்படி நம்பர் வந்துச்சு?"

"ரீடர ஆன் பண்ணி கையில தொங்கவிட்டுக்கிட்டு நின்னேன். முழங்காலுக்குப் பக்கத்துல தொங்குச்சு. எந்த நாயும் கிட்ட இல்ல. தானா கத்துச்சுக்கா. அதுக்கு முன்னாடியே கூண்டுல இருந்த நாயெல்லாம் மூலையில போய் ஒண்டிக்கிச்சு, ஒண்ணுகூடக் குரைக்கல. தரையெல்லாம் ஈரம். சேத்து வாடை. நீங்க அந்த நாய வீட்டுல ஏத்தாதீங்க."

போனை வைத்த பிறகும் அவள் காதில் அந்தப் பையனின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. நாலு விரற்கடை. அவன் முழங்காலிலிருந்து நாலு விரற்கடையில் ஏதோ ஒன்று நின்றிருக்கிறது.

வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, திருவாரூர். பஸ்ஸில் அவள் வந்த வழி. ஏழெட்டு வருடம் தாலி கட்டி வாழ்ந்தவன் வருகிறான் என்றால் சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் பதினோரு நாள் தண்ணீரில் கிடந்த உடம்பு எப்படி இருக்கும் என்பதை மாமனாரிடம் அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். இவன் பதினைந்து மாதம் கிடந்தவன். அந்த உருவம் தன் பிள்ளை முன்னால் வந்து நிற்கக் கூடாது. அவளுக்கு இப்போது வேண்டியது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பேரளம் என்று வந்ததும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குணசேகரன் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவள் கழுத்துச் சரட்டையே பார்த்தார். பேரளத்திலிருந்து குத்தாலம் எவ்வளவு தூரம் என்று அவரும் கணக்குப் போட்டிருப்பார். விலாசத்தைப் பழையபடி மாற்றிவிடவா என்று அவள் கேட்டாள். கேட்ட வாயோடு, அந்த வேதாரண்யம் வீட்டில் மாமியார் நீலாம்பாள் ஒண்டியாக இருப்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பதிவ அழிக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். "இறந்துடுச்சுன்னு போட்டா மெசேஜ் வராது. அது ஒண்ணுதான் வழி."

பதினைந்து மாதமாக ஊரே சொல்லியும் அவள் வாயிலிருந்து வராத சொல். கம்ப்யூட்டர் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தாலியை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் அந்தக் கட்டத்தை அமுக்கினாள். என்னை மன்னிச்சுரு என்று மனதுக்குள் நூறு தடவை சொன்னாள். திரையில் வீரையனின் வரி சாம்பல் நிறமானது.

டாக்டர் சொன்னது சரிதான். சனிக்கிழமை செய்தி வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. ஞாயிறு சாயந்திரம் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. நின்றது செய்திதான். வருகிறது நின்றதா என்று யாரும் சொல்லவில்லையே. இதுவரை எந்த ஊரில் இருக்கிறது என்றாவது தெரிந்தது. இனி அதுவும் தெரியாது. தன் கண்ணைத் தானே குத்திக்கொண்ட கதை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி ரீடரைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அன்று மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. ஆறு மணிக்கே வயலும் வாய்க்காலும் ஒரே கறுப்பாகக் கலந்துவிட்டன. விளக்கு வைத்த சிறிது நேரத்தில் கரண்டு போனது. ஓட்டில் விழும் மழை, தாழ்வாரத் தகரத்தில் விழும் மழை, வாளியில் சொட்டும் மழை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. அவற்றுக்கு அடியில் இத்தனை நாளும் காதை அடைக்கும்படி கத்திக்கொண்டிருந்த தவளைகள் இன்றைக்கு மட்டும் ஒன்றுகூடக் கத்தவில்லை என்பதை அவள் கொஞ்சம் தாமதமாகக் கவனித்தாள்.

தர்ஷினி கூடத்தில் அகல் விளக்கருகே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ராஜாத்தி ரீடரை ஆன் பண்ணி, அதன் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். வாசற்கதவை மேலிருந்து கீழாக, நிலையோரமாக, தாழ்ப்பாளைச் சுற்றி, ஒரு இடம் விடாமல் தடவினாள். சத்தமில்லை. ஜன்னல் பலகை. சத்தமில்லை. வெளியே யாரும் கதவை ஒட்டி நிற்கவில்லை. அப்பாடா என்று நெற்றியைக் கதவில் சாய்த்தாள்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

வாய்க்கால் சேறு இல்லை. நெல் வயல் வாடையும் இல்லை. ஈரத்தோடு சுருட்டிப் போட்டு மறந்துபோன வலையின் வாடை. உப்பும் அழுகலும். வேதாரண்யத்து வாடை.

அடுப்படிக்குப் போனாள். கொல்லைக் கதவு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் திறந்திருந்தது. கதவைத் தள்ளிச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, முதுகை அதில் கொடுத்து நின்றாள்.

"தர்ஷினி. கொல்லக் கதவ யாரு தொறந்தா?"

"நான்தாம்மா" என்றது கூடத்திலிருந்து குரல். "நம்ம நாய் மழையில நனையும்ல."

காலருகே தட்டு கிடந்தது. பிள்ளை வைத்த சோறு இல்லை. ஒரு பருக்கை இல்லை. கழுவி வைத்ததுபோல இருந்தது.

தட்டு கதவுக்கு உள்ளே கிடந்தது.

செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தாள். சிமெண்டில் ஈரம். நாய்க்கால் இல்லை. ஐந்து விரலும் விரிந்த கை. பக்கத்தில் இன்னொரு கை. பின்னால் முழங்கால்கள் இழுபட்ட இரண்டு கோடுகள். வாசற்படியைத் தாண்டி, தட்டைத் தாண்டி, உள்ளே.

வெளியே போன தடம் இல்லை.

கையைத் தொங்கவிட்டாள். ரீடர் கயிற்றில் தொங்கி முழங்காலில் மெல்ல மோதியது.

பீப்.

சின்னத் திரையில் பச்சையாக எண். பதினைந்து இலக்கம். பார்க்க வேண்டியதில்லை.

சிப் போட்டது பிடரியில். வீரையன் நின்றால் அவன் பிடரி அவள் உச்சந்தலைக்கு மேலே இருக்கும். ரீடர் தொங்குவது முழங்காலில். யூனுஸுக்கும் முழங்காலில்தான்.

வகை என்று கேட்ட இடத்தில் அவள் போட்டது. அவளேதான் போட்டாள்.

குனிந்து பார்க்கவில்லை. முடியவில்லை. முழங்காலில் ஏதோ நனைந்த ஒன்று முட்டியது. மெதுவாக. தெரிந்தவர்கள் முட்டுவதுபோல.

கூடத்து வாசலில் தர்ஷினி அகல் விளக்கோடு வந்து நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே, அவள் காலடியைப் பார்த்தாள். போ என்று கத்த ராஜாத்தி வாயைத் திறந்தாள்.

பிள்ளை விளக்கைத் தரையில் வைத்தாள். குந்தி உட்கார்ந்தாள். உள்ளங்கையை விரித்து முன்னால் நீட்டி, நாக்கைத் தட்டி அழைத்தாள்.

முழங்காலில் இருந்த ஈரம் விலகியது. இருட்டில் ஈரக் கை ஒன்று சிமெண்டில் பட்டது. அடுத்த கை. அடுத்த கை. நீட்டிய அந்தச் சின்ன உள்ளங்கையை நோக்கி.