ரப்பர் திரைக்கு அந்தப் பக்கம்

சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும், கழுவிக் காயவைத்த அமிலத் தொட்டிக்குள் ஏணி வைத்து இறங்கினேன். அடியில் இருக்கும் டயாஃப்ரம் வால்வைப் பார்க்க வேண்டும். குழாயை மூடித் திறப்பது அதன் ரப்பர் திரைதான். அதற்கு அந்தப் பக்கம், குழாய் நிறைய அமிலம். அது வராமல் மறிக்க நடுவில் இரும்புத் தடைத்தகடு போட்டிருக்க வேண்டும்; போடவில்லை.

"ரப்பர் புதுசுதானே, தாங்கும்" என்றார் என் ஷிப்ட் அண்ணன். நானும் தலையாட்டினேன்.

அவர் மேலே திறப்பில் காவல். உள்ளே இருப்பவர், குரல் கேட்டவுடன் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மயங்கிவிட்டதாகக் கணக்கு.

"பயமா இருந்தா சொல்லு தங்கச்சி, தாலாட்டு பாடுறேன்."

"உங்க பாட்டுக்கு அமிலமே தேவலைண்ணே."

பயம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் இனி எந்தப் பெண்ணையும் இறக்க மாட்டார்கள்.

ஈர ரப்பரின் வாடை. சுவர்கள் என் மூச்சை எனக்கே திருப்பித் தந்தன. குழாய் வாய்க்குள் டார்ச் அடித்தேன். திரை மெல்ல எழுந்தது, தாழ்ந்தது.

தூங்குகிறவரின் வயிறு போல.

"அண்ணே, வெளியே வால்வைத் திறக்குற வீலை யாராவது தொடுறாங்களா?"

"பூட்டியிருக்கு. சாவி என் பையிலதான்."

வீல் கிறீச்சிட்டது.

திரை ஒரு விரல் அளவு விலகியது. கண்களை இறுக மூடிக்கொண்டேன். ஒரு சொட்டும் வரவில்லை. முகக் கவசத்துக்குக் கீழே, கழுத்தில், வெதுவெதுப்பாக ஒரு மூச்சு பட்டது.

"அங்க வழி இருக்கா?"

மிகவும் களைத்த குரல். நெடுநாள் அடைபட்டுக் கிடந்த குரல்.

பழகிய வாய், யோசிக்கவில்லை.

"இருக்கு" என்றேன்.

ஏணியை நோக்கி ஓடினேன். நான் ஒரு படி ஏறினால், கீழே ஒரு படி அதிர்ந்தது. மேலே தெரிந்த வெளிச்ச வட்டம் நெருங்கவே இல்லை. என் வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்தினேன்.

"அண்ணே, பயமா இருக்கு! தூக்குங்க!"

அவர் கை என் மணிக்கட்டைப் பற்றி இழுத்தது. அவர் தோளுக்கு மேலாக உருண்டு, அவருக்குப் பின்னால் இருந்த மேடைக் கம்பியில் போய் மோதினேன். இரண்டு கைகளாலும் கம்பியைக் கட்டிக்கொண்டேன். வெயில் சுட்டது. தப்பித்துவிட்டேன்.

அண்ணன் திரும்பவில்லை. இன்னும் திறப்பின்மேல் குனிந்தபடியே இருந்தார். என்னை இழுத்த வலது கை, மறுபடி தோள்வரை உள்ளே இழுபட்டிருந்தது.

"விளையாடாதே தங்கச்சி" என்றார். "கையை விடு."