குழியில் தண்ணீர் இல்லை

மூன்றாம் நாள் காலையிலும் குழிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் குழியைச் சுற்றியிருந்த சிமெண்ட் தரை நனைந்திருந்தது. அந்த ஈரம் ஒரு கை அகலத்துக்கு, கோணல்மாணலாக, கட்டில் வரைக்கும் போய் நின்றிருந்தது.

அவள் விரலால் தொட்டு முகர்ந்தாள். பல நாள் மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்த மாதிரி ஒரு வாடை.

வீட்டுக்கு அடியில் இருக்கும் அறை அது. மழை வந்தால் சுவரெல்லாம் ஓதம் ஏறும். பிளம்பர்தான் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, "மூணு நாள் பாருங்க. தண்ணி ஊறினா மோட்டார் வைக்கணும், ஊறலேன்னா வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாளும் மழை கொட்டித் தீர்த்தது. இன்று சாயங்காலம் மகள் புருஷனை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு வருகிறாள். வேறு போக்கிடம் இல்லை. அவளுக்கு ஒதுக்கியிருப்பது இந்த அறைதான். மேலே பிள்ளை அழுதால் அவள் அப்பாவுக்குத் தூக்கம் கெடுமாம். என்ன அப்பனோ!

"சொன்னேன்ல? காஞ்சு கிடக்கு," என்றார் கணவர். தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்று முப்பது வருஷமாகச் சாதிக்கிற மனுஷன்.

"அப்ப இந்த ஈரம்?"

"நீ துணியைப் பிழியாமத் துடைச்சிருப்ப."

அவள் துடைக்கவே இல்லை. பிளம்பருக்குப் போன் போட்டாள். "குழியில தண்ணியே இல்லேன்னா மோட்டார் எதைம்மா இழுக்கும்?" என்று அவர் சிரித்தார். சிரிக்க மாட்டாரா பின்னே? அவர் பேரனா இங்கே படுக்கப்போகிறான்?

மத்தியானம் மறுபடி கெஞ்சிப் பார்த்தாள். "பிள்ளையை என் பக்கத்துல போட்டுக்கறேங்க. கீழ வேண்டாம்."

அவருக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. "நானே போய்ப் படுக்கறேன். ஒரு மணி நேரம். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது." தலையணையை இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். இந்த வீம்பில் கால்வாசி மகள் மேல் பாசமாக இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்குக் கசந்தது.

மேல்படியில் உட்கார்ந்தாள். வெளியே மழை இரைந்தது. கீழே கட்டில் கிரீச்சிட்டது, பிறகு அவருடைய குறட்டை, வழக்கம்போல் மரம் அறுக்கிற குறட்டை, எழும்பி, இறங்கி, நடுவில் கொழகொழவென்று மாறி, சட்டென்று நின்றுபோனது. அப்புறம் வேறொரு சத்தம். ஈரச்சாக்கை யாரோ தரையோடு இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. மெதுவாக.

"என்னங்க?"

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னங்க!"

இறங்கினாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மல்லாந்து கிடந்தார். சட்டை காய்ந்திருந்தது. தலையணை காய்ந்திருந்தது. வாய் மட்டும் ஆவென்று திறந்திருந்தது. அதற்குள் தண்ணீர். தெளிந்த தண்ணீர். உதடு விளிம்பு வரைக்கும். தளும்பவில்லை.

கண்கள் அவளையே பார்த்தன.

மேலே வாசல் கதவு திறந்தது.

"அம்மா! ரயில் சீக்கிரமே வந்துடுச்சு. பிள்ளை தூங்கிட்டான். கீழ கொண்டுவந்து போடட்டுமா?"

வராதே என்று கத்தப் போனாள். நாக்குக்கு அடியில் சில்லென்று ஊறியது. பல்லைத் தாண்டி ஏறியது. குரல் எழும்பவில்லை.

படியில் மகளின் செருப்புச் சத்தம். ஒரு படி. இன்னொரு படி.