புனிதா பெயரில் ஒரு கடை

“இன்னிக்கு நான் கடைக்கு விளக்கேத்த வரல, அத்தை.”

காப்பிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன இராஜம்மாவின் கை அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மூத்த மருமகள் இப்படிச் சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

“என்ன புனிதா, விளையாடுறியா? ஒன் கைராசிலதானே கடையே ஓடுது!”

“ஓடினது போதும் அத்தை.”

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். கூடத்தில் சட்டை போட்டுக்கொண்டிருந்த யுகேந்திரனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவன் மனைவி சந்திரகலா தலை குனிந்துகொண்டாள்.

இராஜம்மாவின் இளைய மகன் யுகேந்திரன், மலேசியாவின் கிள்ளான் நகரத்து மேரு சாலையில் அந்தக் கடையை வைத்து மூன்று வருடம் ஆகிறது. வாசல் பலகையில் ‘குடும்பப் பொழுதுபோக்கு மையம்’ என்று எழுதியிருக்கும். ஊராட்சி மன்றம் கொடுத்த லைசென்சும் அதற்குத்தான். உள்ளே போனால் மருந்துக்கும் ஒரு குடும்பம் இருக்காது! லோரி ஓட்டுநர்களும் பேக்டரிப் பெண்களும் திரையில் நீந்தும் மீன்களைச் சுடும் ஆட்ட மெஷின்கள் முன்னால் காசைக் கொட்டி கண் சிவக்க உட்கார்ந்திருப்பார்கள். ஜெயித்தவர்களுக்கு ஒரு கரடி பொம்மை. பக்கத்துக் கடைக்காரன் அந்தப் பொம்மையை வாங்கிக்கொண்டு காசு கொடுப்பான். மறுநாள் காலையில் அதே கரடி யுகேந்திரனின் அலமாரிக்குத் திரும்பியிருக்கும். பொம்மை கொடுத்தால் சூதாட்டம் ஆகாது என்று ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். சட்டத்தில் ஒரு ஓட்டை அகப்பட்டால் போதும், நம் ஆட்கள் அதில் கடையே திறந்துவிடுகிறார்கள்!

அந்தக் கடையின் சாமி மேடையில் வெள்ளிதோறும் புனிதாதான் விளக்கேற்றுவாள். ராசிக்காரி என்று லைசென்சையும் அவள் பெயரிலேயே எடுக்கச் சொன்னவர் இராஜம்மா. பொம்மை சமாச்சாரம் எல்லாம் அன்றைக்குப் புனிதாவுக்குத் தெரியாது. மைத்துனன் கேட்டான், கையெழுத்துப் போட்டாள். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் இடைநிலைப் பள்ளியில் முதல் வருடம். அவனுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்து, சோறு போட்டு ஆளாக்கியவள் அவள்தான்.

போன வெள்ளி என்ன நடந்தது தெரியுமா? அவள் தட்டில் நீட்டிய திருநீற்றை ஒரு பெண் எடுத்தாள். நெற்றியில் இடவில்லை. நேராகப் போய் மெஷினின் கண்ணாடியில் பூசினாள். “அம்மா, இன்னிக்காச்சும் கண்ணத் தொற” என்று அந்த மெஷினைக் கும்பிட்டாள்! பக்கத்தில் அவள் பிள்ளை பள்ளிச் சீருடையோடு பசியில் அழுதுகொண்டு நின்றது. புனிதாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இனி இந்தக் கையால் இங்கே விளக்கேற்றுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

அவள் விளக்கேற்றாத அந்த வெள்ளிக்கிழமையே கடையில் போலிஸ் புகுந்தது. இப்படி ஓட்டையில் நடக்கும் கடைகளை எல்லாம் இழுத்து மூடச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. மெஷின்களை லோரியில் ஏற்றினார்கள், மின்சாரத்தை வெட்டினார்கள், கதவுக்கு சீல் வைத்தார்கள். மத்தியானம் யுகேந்திரன் பேயறைந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தான்.

“எல்லாம் போச்சும்மா! யாரோ போன் பண்ணி, பொம்மைய எங்க மாத்துறாங்கன்னு கூட சொல்லிருக்காங்க. வீட்டு ஆளுங்களத் தவிர யாருக்கு அவ்ளோ தெரியும்? அண்ணி, காலையிலயே வரமாட்டேன்னு சொன்னீங்களே... ஒங்களுக்கு முன்கூட்டியே தெரியும்தானே?”

ஜொகூருக்கு லோரி ஓட்டிப் போயிருக்கும் புனிதாவின் கணவன் இருந்திருந்தால் அவளுக்காக ஒரு வார்த்தை பேசியிருப்பான்.

“வாயத் தொறந்து சொல்லேண்டி!” இராஜம்மா தலையில் அடித்துக்கொண்டார். “புள்ளையாட்டம் வளர்த்தேன்னு சொல்லுவியே... அவன் சோத்துலயே மண்ண அள்ளிப் போட்டுட்டியே! நீ இந்த வீட்ல இருக்க வேணாம்... போயிரு!”

“சரி அத்தை, போறேன்.” அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். “அதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்குப் போவணும். இன்ஸ்பெக்டர் போன்ல கூப்பிட்டிருக்காரு. லைசென்ஸ் என் பேர்லதானே இருக்கு.”

“என்னது?”

அலறியது சந்திரகலா. இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத அவளிடம் இதை யாருமே சொல்லியிருக்கவில்லை.

“அக்கா பேர்லயா? ஐயோ... எனக்குத் தெரியாதே! இவரு பேர்லதான் இருக்குன்னு நெனச்சி... நான்தான் போன் பண்ணேன்! நான்தான் அத்தை!”

“ஏண்டி?” என்றான் யுகேந்திரன்.

“ஏனா? கடைய மூடினதுக்கப்புறம் ஒங்க மெஷின்லயே நீங்க ஒக்காந்து ஆடுறீங்களே, அது எனக்குத் தெரியாதா? என் தாலிக்கொடி எங்கன்னு அத்தைகிட்ட சொல்லட்டா? ஜெயிலுக்குப் போனாலும் பரவால்ல, மனுஷனா திரும்பி வந்தா போதும்னுதான் பண்ணேன்!” அவள் ஓடிவந்து புனிதாவின் காலைக் கட்டிக்கொண்டாள். “அக்கா, ஒங்களையே மாட்டி விட்டுட்டேனே...”

புனிதா அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

“நேத்து பின்கட்டுல நீ போன் பேசினத நான் கேட்டேன் கலா.”

“கேட்டீங்களா? அப்ப ஏங்க்கா தடுக்கல? லைசென்ஸ் ஒங்க பேர்ல இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் போன வெச்சிருப்பேனே!”

“வெச்சிருப்பே. கடையும் நடந்துகிட்டே இருக்கும். இவனும் ஆடிகிட்டே இருப்பான்.” அப்போதுதான் அவள் கண் நிறைந்தது. “நான் ரெண்டு நாளு ஸ்டேஷன்ல ஒக்காந்தா இந்தப் புள்ள பொழைச்சிக்குவான்னா, ஒக்காந்துட்டுப் போறேன்...”

சந்திரகலா அவள் தோளில் விழுந்து விம்மி விம்மி அழுதாள். யுகேந்திரனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவ்வளவு பெரிய ஆண்பிள்ளை, அண்ணியின் முன்னால் சின்னப் பையனைப்போல உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“நீங்க போவ வேணாம் அண்ணி. கடை என்னோடது. ஆடினதும் நான்தான். நானே போய் சொல்லிர்றேன்.”

“என் பேரு இருக்கு, நான் வந்துதான் ஆவணும். நீ உண்மைய சொல்றப்ப ஒன் பக்கத்துல நிக்கிறேன். பொய் சொல்லப் பார்த்தே, அங்கயே காதத் திருகுவேன்!”

அழுகைக்கு நடுவே சந்திரகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புனிதாவும் யுகேந்திரனும் வாசலுக்குப் போனபோது இராஜம்மா முந்திக்கொண்டு செருப்பை மாட்டினார்.

“நானும் வரேன். இவ பேரப் போடச் சொன்னது நான்தான்னு அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட நானே சொல்லுவேன்.” மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “போயிருன்னு சொன்னேனேடி... இந்த வாய் வேகாதா!”

“விடுங்க அத்தை. நேரமாச்சி.”

யுகேந்திரன் காரை எடுத்தான். எங்கே போனாலும் மகன் பக்கத்தில் முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கிற இராஜம்மா, அன்று முன்கதவைப் புனிதாவுக்குத் திறந்துவிட்டு, தான் பின்னால் ஏறிக்கொண்டார்.