அக்காவுக்காகப் பேசுகிறவன்

தொண்டையில் விரல் வைத்துப் பார்ப்பது ஸ்பீச் தெரபியில் முதல் பாடம். குரல் எழும்போது உள்ளே ஒரு சின்ன அதிர்வு ஓடும். அன்று பிற்பகல் அக்காவின் தொண்டையில் அந்த அதிர்வு நன்றாகவே ஓடியது. ஆனால் அக்காவின் வாய் மூடியிருந்தது. பேசிக்கொண்டிருந்தவன் பக்கத்து நாற்காலியில் இருந்த தம்பி.

"சாப்பாடெல்லாம் ஒழுங்கா எறங்குது மேடம். தூக்கந்தான் இல்ல."

அவன் நிறுத்தினான். அதிர்வும் நின்றது.

தெரபிஸ்ட் விரலை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பதினோரு வருடமாகத் தனியாகவே தொழில் நடத்துகிறவள். தையற்கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு கண்ணாடி, படஅட்டைகள் அடுக்கிய இரும்பு அலமாரி. உதவிக்கு ஆள் கிடையாது. கடைக்கு அன்று வார விடுமுறை. எப்போதும் தரை வழியாக ஏறிவரும் தையல் மெஷின்களின் இரைச்சல் இல்லாததால் தண்ணீருக்குள் முங்கியதுபோல் காது அடைத்திருந்தது. மெஷின் எண்ணெயும் புதுத்துணியும் கலந்த வாசனை மட்டும் படியேறி வந்து நின்றது.

அக்கா இருபது வருடம் ரயில் நிலைய அறிவிப்பாளர். அந்தக் குரலைக் கேட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதவர் ஊரில் கிடையாது. பக்கவாதத்தில் வலக்கையும் பேச்சும் போய்விட்டன என்று தம்பி அழைத்து வந்து ஐந்து வாரம் ஆகிறது. எந்தக் கேள்விக்கும் அவன்தான் பதில்.

அக்காவின் தாடைக்குக் கீழே கன்றிப்போன இரண்டு நீலத் தடங்கள் தெரிந்தன.

"இது எப்படி வந்துச்சு?"

"கட்டில்லேர்ந்து விழுந்துட்டா."

கட்டிலுக்குக் கட்டைவிரல் முளைத்திருக்கிறதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

"நான் இல்லாம அக்கா பேச மாட்டா மேடம்."

"அதையும் பாத்துடலாம். இது என் எடம். இங்க எல்லாரையும் தனியாவும் ஒரு தடவ பாப்பேன்."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். அவள் தாழ்ப்பாளைப் போட்டாள்.

எழுத்துப் பலகையை மடியில் வைத்ததும் அக்காவின் இடக்கை விரல் நடுங்கி நடுங்கி ஊர்ந்தது. தெரபிஸ்ட் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். எடுத்துட்டான்.

"என்னத்த எடுத்தாரு, அக்கா?"

விரல் தன் உதட்டைத் தொட்டது. பிறகு நீண்டு, தெரபிஸ்டின் உதட்டைச் சுட்டிக் காட்டியது.

அப்போதுதான் வெளியிலிருந்து அந்தக் குரல் கேட்டது. தேன்போல் இழைந்த பெண் குரல். ஊரே அறிந்த குரல்.

"பயணிகள் கவனிக்கவும். மூன்றாவது நடைமேடையில் நிற்கும் வண்டி இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும்."

அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டாள். கன்னத்தில் நீர் வழிந்தது. வாய் அசையவில்லை.

 தெரபிஸ்டுக்குக் கோபம் வந்தது. கைபேசியை எடுத்து, நலிந்தோர் பாதுகாப்பு அலுவலரை அழைத்தாள். பெயர், விலாசம் சொன்னாள்.

"எங்கிட்ட வர்ற ஒரு அம்மாவ அவங்க தம்பி அடிக்கிற மாதிரி தெரியுது. நீங்க உடனே..."

மூச்சு வந்தது. குரல் வரவில்லை.

கதவுக்கு அந்தப்பக்கம், அவளுடைய குரலே தொடர்ந்தது. அவளுடைய அதே லேசான கரகரப்பு.

"உடனே வரவேண்டாம்னு சொல்ல வந்தேன் சார். விசாரிச்சுட்டேன். ஒண்ணுமில்ல."

"அப்படிங்களா? சரி மேடம்," என்றார் அலுவலர். தொடர்பு அறுந்தது.

வெளியே சிரிப்பு. அதுவும் அவளுடையது.

அவள் அழவில்லை. குரல் போனவர்களுக்கு வேறு வழியில் பேசக் கற்றுக் கொடுப்பதுதானே பதினோரு வருடப் பிழைப்பு. என்னிடமேவா, என்று பல்லைக் கடித்தாள். அந்த நீலத் தடங்களைப் படம் பிடித்து அலுவலருக்கு அனுப்பினாள். கூடவே எழுதினாள். 'இப்போது பேசியது நானில்லை. ஆட்களோடு வாருங்கள்.'

பதில் வந்தது. 'புறப்பட்டுட்டோம். இருபது நிமிஷம்.'

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கதவு தட்டப்பட்டது.

"மேடம், அலுவலர் வந்திருக்கேன். தொறங்க."

அதே குரல். போனில் கேட்ட அதே குரல்.

  அவள் இரும்பு அலமாரியைக் கதவை நோக்கித் தள்ளினாள். கனத்தது. பக்கத்தில் ஒரு மூச்சு. அக்கா எழுந்து வந்து இடத்தோளைக் கொடுத்தாள். இருவருமாகத் தள்ளினார்கள். அலமாரி கதவில் முட்டியது.



தாழ்ப்பாள் மெல்ல நெளிந்தது.

பிறகு, கதவின் அடிப்பக்கத்திலிருந்து, ஒரு சின்னக் குரல். ஐந்து வயதுப் பெண் குழந்தையின் குரல். றகரம் வராத குரல். போன வருடம் பயிற்சிக்கு வந்து, பாதியில் நின்றுபோன குழந்தை. வீட்டில் யார் என்ன செய்தார்கள் என்று அன்று அவள் விசாரிக்காமல் விட்ட குழந்தை.

"ஆன்ட்டி, கதவத் தொலங்க."

அவள் உதட்டைக் கடித்தாள். இரத்தம் கரித்தது. தோளை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை.

"ஆன்ட்டி," என்றது குழந்தை. அதன் பின்னால் இன்னொரு குழந்தை. அதன் பின்னால், படிக்கட்டு முழுக்க, கீழே தெருவரைக்கும் குழந்தைக் குரல்கள்.