பாலத்தில் இன்னும் ஒருவர்

எப்போதும் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தம்பி, அன்று சாயங்காலம் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

தம்பி என்பது கணினித் திரையில் கட்டைவிரல் உயரத்துக்கு இருந்த ஒரு பச்சைச் சட்டை உருவம். உண்மையான தம்பி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். முதுகு தெரிய வேண்டிய இடத்தில் முகம் தெரிந்தது. பழைய காலத்து கேம் என்பதால் முகம் என்றாலும் இரண்டு புள்ளியும் ஒரு கோடும்தான். காலையில் விடைபெற வந்த கூட்டத்தில் எவனாவது விளையாட்டுக்கு இடித்திருப்பான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உட்கார்ந்திருப்பவரை அந்த கேமில் யாராலும் அசைக்க முடியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

கம்பெனி அந்த கேமைக் கைகழுவிப் பல வருஷம் ஆகியிருந்தது. லாபமில்லை என்று ஒரு நாள் சர்வரை அணைத்துவிட்டு, அதுவே கதி என்று கிடந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டார்கள். பைத்தியம் பிடித்த ரசிகர்கள் சிலர் அதைத் துண்டு துண்டாக ஒட்டவைத்து மறுபடி ஓடவிட்டார்கள். ஓடிய இடம் அவள் வீட்டுச் சாமான் அறை. பகலெல்லாம் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், வீட்டுக்கு வந்தால் ஒரு ஊருக்கே காவல்காரி. திறப்பதும் மூடுவதும் அவள் கையில் இருந்ததால் எல்லாருக்கும் அவள் சாவி அக்கா. முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் இவள் சத்திரம் நடத்துகிறாள் என்று அம்மா இருந்தவரை சொந்தக்காரர்களிடம் அலுத்துக்கொள்வாள்.

இப்போது அதே கேமைப் புது மெருகோடு விற்கப் போகிறார்களாம். ஆறும் பாலமும், அங்கே நடமாடும் உருவங்களும், அவை கையசைக்கும் விதம்கூடத் தங்களுக்கே சொந்தம், இன்று இருட்டுவதற்குள் மூடாவிட்டால் வழக்கு என்று கம்பெனி சொல்லிவிட்டது. மற்றவர்கள் காலையில் பாலத்தில் கூடி, ஒருவருக்கொருவர் தலைகுனிந்து வணங்கி, ஒவ்வொருவராக மறைந்துபோனார்கள்.

வழக்கைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பயமில்லை. அதோடு தம்பியையும் அணைக்க வேண்டுமே என்பதுதான் கவலை. சும்மா இருப்பவரைக் கொஞ்ச நேரத்தில் கேம் தானாகவே வெளியே தள்ளிவிடும், அதுதான் விதி. படுக்கையில் கிடந்தபடியே விளையாடிய தம்பி, மருந்து மயக்கத்தில் கண்ணயர்ந்த போதெல்லாம் அது அவனை வெளியே தள்ளியது. விழித்ததும் சின்னப் பிள்ளை மாதிரி அழுவான்.

"என்னை வெளிய தள்ளாம பாத்துக்கோக்கா" என்றான் ஒரு நாள்.

அவனுக்கு மட்டும் அந்த விதியை எடுத்துவிட்டாள். சர்வர் நடத்துகிற யாரும் செய்யக்கூடாத காரியம். பிறகு ஒரு மத்தியானம், பாலத்தில் உட்கார்ந்தபடியே அவன் மூச்சு நின்றுபோனது. அவன் கணினியை அவள்தான் அணைத்தாள். பாலத்தில் அவன் அப்படியே இருந்தான். அவனை வெளியேற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

கம்பெனியின் வக்கீலம்மா போனில் வந்தாள். மூடுவதைக் கேமுக்குள் வந்து கண்ணால் பார்ப்பது தன் வேலை என்றாள். சாம்பல் நிற உருவம் ஒன்று ஆற்றங்கரையில் முளைத்து, நடக்கத் தெரியாமல் நேராகப் போய் ஒரு மரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

"பாலத்துல இன்னும் ஒருத்தர் இருக்காரே மேடம்" என்று போனில் குரல் வந்தது.

"அது சும்மா இருக்கறது. ஆள் யாரும் இல்ல."

"என்னையே பாக்குற மாதிரி இருக்கு" என்றாள் வக்கீலம்மா.

வக்கீலம்மாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். தன் மஞ்சள் உடுப்பு உருவத்தை நடத்திக்கொண்டு போய்த் தம்பி பக்கத்தில் உட்காரவைத்தாள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அங்கே உட்கார அவளுக்குத் துணிச்சல் வந்ததில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டு, ஜன்னல் தகரத்தில் சடசடவென்று விழுவதும், சர்வர் விசிறி விடாமல் இரைவதும், அந்த இரைச்சலுக்கு அடியில் திரையிலிருந்து ஆறு சலசலப்பதும் ஒன்றாகக் கலந்து, எது வீட்டுக்குள் கேட்கிறது எது வெளியே கேட்கிறது என்று பிரிக்க முடியாதபடி சாமான் அறையை நிறைத்தன. நனைந்த பஞ்சின் நெடி வந்தது. மருந்து நெடி. தம்பி அறையைக் கழுவிவிட்டுப் பூட்டி எவ்வளவோ நாளாகிவிட்டது.

நேரமாச்சுடா, போகலாம் என்று தட்டினாள்.

அவன் தலைக்கு மேல் ஒரு எழுத்து வந்தது. நின்றது. வெகுநேரம் கழித்து இன்னொரு எழுத்து. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுகிறவன் வேகம் அது. கடைசி நாட்களில் அவனுக்கு அந்த ஒரு விரல்தான் வேலை செய்தது.

இரு, என்றிருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. அவனை நினைத்து எத்தனை நாள் அழுதிருக்கிறாள், அவன் ஒரு வார்த்தை பேசமாட்டானா என்று எத்தனை ராத்திரி ஏங்கியிருக்கிறாள். பேசிவிட்டான். இப்போது அவளுக்கு அவனிடமிருந்து ஓட வேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது.

மூடும் கட்டளையைத் தட்டினாள். திரை கறுத்தது. அது போதவில்லை. எட்டி, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். விசிறி முனகி முனகி அடங்கியது. மூடியைத் திறந்து, கேம் இருந்த டிஸ்கை உருவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தாள். டிஸ்க் இன்னும் சூடாக இருந்தது.

"முடிஞ்சுது" என்றாள்.

ஆறு சலசலத்தது.

அவள் திரையைப் பார்த்தாள். கறுப்பு. மழையும் விட்டிருந்தது. சத்தம் போனிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"மேடம், இன்னும் மூடலையே" என்றாள் வக்கீலம்மா. "நான் உள்ளதான் இருக்கேன்."

"வயரையே பிடுங்கிட்டேன்."

"ரெண்டு பேர் உக்காந்திருக்காங்களே. பச்சைச் சட்டை போட்டவர். பக்கத்துல மஞ்சள் டிரஸ்ல ஒரு அம்மா."

மருந்து நெடி இப்போது அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இதை நீங்களா சேத்தீங்க?" என்றாள் வக்கீலம்மா. "எங்க கேம்ல கும்பிடலாம், கையாட்டலாம், உக்காரலாம். அவ்வளவுதான் வரைஞ்சிருக்கோம். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிக்கற மாதிரி நாங்க எதுவும் செய்யவே இல்லையே."

எழுந்து ஓட வேண்டும். கதவு இரண்டடியில்தான். காலை ஊன்றினாள். உடம்பு பாதி எழுந்தது. இடது கை வரவில்லை.

மேஜையோடு மேஜையாகக் கிடந்தது.

இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பொத்தென்று நாற்காலியில் விழுந்தாள்.

போனில் வக்கீலம்மா மூச்சை இழுப்பது கேட்டது.

"மேடம். இப்ப நீங்க எழுந்திருக்கப் பாத்தீங்களா?"

அவள் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் எதுவும் இல்லை. தோலில் மட்டும் ஒரு பக்கம் நான்கு பள்ளம், மறுபக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மெல்ல மெல்ல ஆழமாகிக்கொண்டிருந்தன.